குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி: செல்ஃப் சத்தத்தையும் புகையையும் வைத்துக் குறை கண்டுபிடிப்பது எப்படி

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலைகளில், முந்தைய நாள் கோவையிலிருந்து ஏறிவந்த டீசல் வண்டிகள் சில லாட்ஜ் வாசலில் நின்று இழுத்துக்கொண்டே இருக்கும். கீழே ஒரு வருடமாக ஒரே சாவியில் எடுத்த வண்டிதான். மலையில் புதிதாக எதுவும் கெட்டிருக்காது. ஏற்கெனவே இருந்த குறையைச் சமவெளி வெயில் மறைத்து வைத்திருந்தது; இங்கே அது வெளியே வந்துவிட்டது.

இப்படி நின்ற வண்டிக்குப் பல இடங்களில் நடக்கும் வைத்தியம் ஒரே வரிசைதான். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள், அடுத்து சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றுவார்கள், அப்புறம் டீசல் பம்பை இறக்குவார்கள். குறை போனாலும் எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டே விஷயங்களைக் கவனியுங்கள்: இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எந்த வேகத்தில் சுற்றுகிறது, சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா. சாவியை ஒருவர் திருப்ப, இன்னொருவர் வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடத்தை இதுவே மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடும்.

• செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மின்சாரம், ஸ்டார்ட்டர், ஆயில் பக்கம் பார்க்க வேண்டும்.
• நன்றாகச் சுற்றி, வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்) பக்கம்.
• நன்றாகச் சுற்றியும் துளிப் புகைகூட இல்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. ஃபில்ட்டர், லைனில் புகுந்த ஏர், பம்ப், சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் இன்ஜெக்டர் பக்கம்.

குளிரில் ஏன் எரிய மறுக்கிறது

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். 17.6-க்கு 1 அழுத்த விகிதமுள்ள இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள்; பல மாருதி, டாடா, ஃபியட் கார்களில் வந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் அந்த வகை. 35 டிகிரி காற்று உள்ளே போனால், உலோகம் உறிஞ்சும் சூட்டைக் கழித்தும், அழுத்தத்தின் முடிவில் சுமார் 450 டிகிரி வரும். அதே கணக்கில் 0 டிகிரி காற்றுக்கு 370 டிகிரிதான். செல்ஃபும் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும், சூடு சுவருக்குப் போகவும் அதிக நேரம் கிடைக்கும். அப்போது இதே காற்று 200 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடலாம், டீசல் பற்றும் எல்லையே ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. ஆகவே குளிரும் மெதுவான செல்ஃபும் சேரும்போதுதான் வண்டி படுக்கும். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் எப்படியாவது எடுத்துவிடும்.

ஊட்டிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே கொஞ்சம் என்பதால், கசிவிலும் சுவரிலும் போகும் பங்கு பெரிதாகத் தெரியும்.

உண்மையிலேயே குளிர்தான் காரணமா?

காலையில் எடுக்கவில்லை என்றதும் குளிர் என்று முடிவுகட்டக் கூடாது. ராத்திரி எட்டு மணி நேரம் நின்றதும்கூட ஒரு காரணமாக இருக்கலாம். வண்டியை நல்ல வெயிலில் எட்டு மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் நெடுநேரம் இழுத்தால் ஹீட்டர் பிளக்கை மறந்துவிடலாம். நிற்கும்போது டீசல் லைனிலிருந்து பின்னோக்கி டேங்குக்கு இறங்கி, அந்த இடத்தில் ஏர் புகுந்திருக்கிறது.

மலை ஊர்களில் இதைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம், சரிவு போதும். டேங்க் பெரும்பாலும் பின்னால் இருக்கும். ஒரு ராத்திரி மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்துங்கள், மறுநாள் மூக்கு கீழே இருக்கும்படி இறக்கத்தில் நிறுத்துங்கள். இறக்கத்தில் நிறுத்திய காலையில் சட்டென்று எடுத்து, ஏற்றத்தில் நிறுத்திய காலையில் இழுத்தால் லைனில் ஏர் பிடிக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால்

மல்டிமீட்டரை வெளியே எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எந்த லைட்டும் போடாமல், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. குளிரில் பேட்டரியின் வேதிவினையே மந்தமாகும் என்பதால் பாதி சார்ஜில் கீழே எடுக்கும் வண்டி மேலே எடுக்காது.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. மீட்டர் 10.5-க்கு மேல் காட்டியும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ தேங்குகிறது. பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தண்டிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. அதேபோலப் பேட்டரி பிளஸ் தண்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கிளாம்ப்பின் மேல் வைக்காமல் ஈயத் தண்டின் மேலேயே வையுங்கள். இல்லாவிட்டால் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இருக்கும் பச்சைப் பூஞ்சணம் கணக்கில் வராமல் போகும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை துருவேறி நார் நாராக நிற்பது பழைய வண்டிகளில் சாதாரணம்.

ஆயிலையும் கவனியுங்கள். 20டபிள்யூ-40 ஊற்றிய இன்ஜின் காலையில் களியைக் கிண்டுவதுபோலச் சுற்றும். டபிள்யூக்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய குளிரில் ஆயில் இளகி இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு அனுமதித்தால் 15டபிள்யூ-40-இலிருந்து 5டபிள்யூ-30-க்கு மாறுவது மலையில் நல்ல வித்தியாசம் தரும். கையேட்டில் இல்லாத ஆயிலை இதற்காக ஊற்ற வேண்டாம்.

வண்டி எடுக்க, செல்ஃப் நிமிடத்துக்கு 200 சுற்றையாவது தொட வேண்டும். 150-க்குக் கீழே போனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் சிரமம். வண்டியின் கணினியைப் படிக்கும் மலிவான ஓ.பி.டி. கருவி ஒன்றைச் செருகினாலே இந்த எண் போனில் தெரியும். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போதும் அது பூஜ்யம் காட்டினால் இன்ஜின் சுற்றை எண்ணும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.

வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லை என்றால்

எரியாத டீசல் ஆவியாகி வெளியேறுகிறது. கண் எரியும், மண்ணெண்ணெய் போன்ற நெடி வரும். முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக்.

பழைய மஹிந்திரா ஜீப்புகளின் பியூஜோ இன்ஜின் மாதிரி முன்னறையில் டீசல் அடிக்கும் வகைக்கு ஹீட்டர் பிளக் இல்லாமல் வாழ்வே இல்லை, கோடையிலும் அது வேண்டும். நேராகப் பிஸ்டன் மேல் அடிக்கும் காமன் ரெயில் இன்ஜின்கள் (உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும் வகை) 25, 30 டிகிரியில் ஹீட்டர் இல்லாமலே எடுத்துவிடும். அதனால்தான் நாலு பிளக்கில் மூன்று செத்தும் கோவை ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ஒரு பிளக் மட்டும் போயிருந்தால் வண்டி எடுக்கும், ஆனால் முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் விட்டதுபோல ஆடும், வெள்ளைப் புகை வரும், பிறகு தானாகச் சரியாகும். இந்த ஆட்டம்தான் முன்னெச்சரிக்கை.

சோதிக்கும் முறை இது. சாவியை ஆஃப் செய்து, பிளக்குகளின் தலையில் இருக்கும் வயரையோ பட்டையையோ கழற்றுங்கள். பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நாலும் சேர்ந்து அளவாகும், ஒன்றும் புரியாது. மீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு மீட்டர் வயரின் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிளக் தலைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளக்கவும். பெரும்பாலான உலோக பிளக்குகள் அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓமுக்குள் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே காயில் அறுந்துவிட்டது. எண் என்ன என்பதைவிட நாலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது முக்கியம்.

ஓம் சரியாக இருந்தும் பிளக் சூடாகாமல் இருக்கலாம். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் கதை சீக்கிரம் முடியும். நல்ல 12 வோல்ட் பிளக் ஆரம்பத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுத்து, சில நொடிகளில் 10-க்குப் பக்கமாக இறங்கும். நாலு பிளக்குக்குச் சேர்த்து 60 ஆம்பியருக்கு மேல் என்றால் அது பேட்டரிக்குச் சின்ன வேலை இல்லை. கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரி வோல்ட்டைப் பார்த்தபடி சாவியை ஆன் செய்யலாம். அரை வோல்ட்டுக்கு மேல் சட்டென்று இறங்கினால் பிளக்குகள் கரண்ட் எடுக்கின்றன. அசையவே இல்லை என்றால் பிளக்குக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பாருங்கள்.

பழைய வகை பிளக்கைக் கழற்றி, வைஸில் பிடித்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நுனி முதலில் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து நுனி கறுப்பாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஆனால் இந்தச் சோதனையை எல்லாப் பிளக்குக்கும் செய்யக் கூடாது. புதிய வண்டிகளில் 7, 5, 4.4 வோல்ட் பிளக்குகள் வருகின்றன, உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் நொடிகளில் எரிந்துபோகும். பீங்கான் நுனிப் பிளக் கையிலிருந்து தரையில் விழுந்திருந்தால், கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மறுபடி மாட்டாதீர்கள். உடைந்தால் துண்டு சிலிண்டருக்குள் போகும்.

கழற்றுவதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம். கரி பிடித்து இறுகிய பிளக் உடைந்து ஹெட்டுக்குள் நின்றால், பிளக் விலையோடு முடியாது, ஹெட்டையே இறக்க நேரிடும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுங்கள். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு டார்க் ஸ்பேனரால் திருப்புங்கள். 8 மி.மீ. மரைக்கு 20, 10 மி.மீ. மரைக்கு 35, 12 மி.மீ. மரைக்கு 45 நியூட்டன் மீட்டர் எல்லை. அதற்கும் அசையாவிட்டால் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். நீளமான பைப்பை ஸ்பேனரில் செருகி இழுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். புதிதை மாட்டும் முன் துளையின் கரியைச் சுத்தம் செய்து, 10 மி.மீ. மரைக்கு 15 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் முறுக்கினால் போதும்.

பிளக், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருந்தும் வோல்ட் வரவில்லையா? கூலன்ட் சென்சார் இன்ஜின் சூடாக இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கலாம், அப்போது இன்ஜின் கணினியான இ.சி.யு. ஹீட்டரை ஆன் செய்யாது, டீசல் அளவையும் கூட்டாது. காலையில் சாவி ஆன் செய்ததும் ஓ.பி.டி. கருவியில் கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று இரண்டின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் 2, 3 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று 6 டிகிரியும் மற்றது 40 டிகிரியும் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பரவலாக வரும் சென்சார்களின் தடை 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓமுக்குப் பக்கமும், 0 டிகிரியில் 6 கிலோ ஓமுக்குப் பக்கமும் இருக்கும்.

புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி கரியில் ஒட்டிக்கொண்டாலும் இதே வெள்ளைப் புகை வரும்.

புகையே இல்லை என்றால்

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். சரிவில் நிறுத்திய வண்டியில் முள் பொய் சொல்லும்.

ரோட்டரி பம்ப் உள்ள பழைய வண்டியில் சாவி ஆன் செய்ததும் பம்பின் மேல் இருக்கும் கட்-ஆஃப் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஃபில்ட்டர். அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் 100, 200 மில்லி பிடித்து கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரியும். தண்ணீர் வடிந்து சுத்த டீசல் வரும்வரை விட்டுவிட்டு, திருகை மூடும்போது அதன் ஓ-ரிங்கைக் கண்ணால் பாருங்கள். காய்ந்து நெளிந்த அந்த அரை ரூபாய் அளவு ரப்பர்தான் பாதி ஏர் பிரச்சினைக்குக் காரணம்.

ஏர் லீக்கில் ஒரு தந்திரம் உண்டு. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிற வண்டியில், ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் ‘எங்கேயும் லீக் இல்லை’ என்று மெக்கானிக் சத்தியம் செய்வார். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும்போது காற்று புகும், வெயில் ஏறியதும் தானே அடைத்துக்கொள்ளும், எனவே இது அச்சு அசலாகக் குளிர் வியாதி மாதிரியே நடிக்கும். பிடிப்பதற்கு வழி, ஃபில்ட்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக ஓரடி நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி, ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்ப்பது. ஹோஸ் பாதி காலியாகவோ, செல்ஃப் அடிக்கும்போது குமிழி வரிசையாகவோ வந்தால் டேங்குக்கும் அந்த ஹோஸுக்கும் நடுவில் ஓட்டை இருக்கிறது. புது ஃபில்ட்டர் மாட்டியபோது பழைய வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருப்பது, சொருகு இணைப்பின் ஓ-ரிங், கிளாம்ப்புக்கு அடியில் மயிரிழையாக வெடித்த ஹோஸ் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது. அங்கே லீக் இருந்தால் சொட்டும்.

ஏர் எடுக்க, ஃபில்ட்டர் மேல் இருக்கும் பிளீடு திருகை ஒரு சுற்று தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பிரைமரை (கையால் அழுத்தும் சின்ன பம்ப்) அழுத்தி, டீசல் வழியும்போதே திருகை மூட வேண்டும். பழைய பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தும் ஏர் எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் அது அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம்.

காமன் ரெயில் வண்டியில் ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தொடாமல் இ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்க விடாது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேன் கருவியில் அந்த எண்ணைப் பாருங்கள். ஃபில்ட்டரும் லைனும் சரியாக இருந்தும் 100, 120 என்றே நின்றால் உயர் அழுத்தப் பம்பை உடனே சபிக்காதீர்கள், இன்ஜெக்டர்கள் டேங்குக்குத் திருப்பிவிடும் டீசலின் அளவை (ரிட்டர்ன்) முதலில் எடுங்கள். ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு சின்ன பாட்டில் வைத்து, 10 நொடி செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல இன்ஜெக்டர் இந்த நேரத்தில் ஒன்றுமே விடாது, அல்லது சில துளி விடும். ஒன்று மட்டும் பாட்டிலில் கணிசமாக நிரப்பினால் பம்ப் ஏற்றும் அழுத்தம் அந்த வழியாகவே டேங்குக்குத் திரும்பிவிடுகிறது.

டீசல் உறைந்துபோகுமா?

ஐ.எஸ். 1460 தரப்படி இந்தியாவில் விற்கும் டீசல் ஃபில்ட்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்கால மாதங்களில் 6 டிகிரிக்கு மேலும், மற்ற மாதங்களில் 18 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது. அக்டோபரில் சமவெளியில் நிரப்பி, நின்றே கிடந்த வண்டியை டிசம்பரில் மேலே கொண்டுவந்தால் ஃபில்ட்டரில் மெழுகு படிய இடம் உண்டு. அடையாளம் இது: எடுத்து ஒரு நிமிடம் ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணையும். பாட்டிலில் பிடித்த டீசல் பால் கலந்ததுபோல மங்கலாக இருக்கும். ஃபில்ட்டர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் மெழுகு கரையும். லடாக் பக்கம் போகும் லாரிகளுக்கு இந்த வைத்தியம் போதாது. அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை இளகி நிற்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய லாரிக்காரர்களின் வழி. இப்போது விற்கும் பி.எஸ்.6 தர டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு). பம்புக்கு வழுவழுப்பைச் சேர்மானங்களே தருகின்றன. அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உயர் அழுத்தப் பம்ப் உள்ளே உரசி, உலோகத் தூள் இன்ஜெக்டர் வரை போகும்.

கம்ப்ரஷன்

இதுவரை சொன்னது எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் மாட்டுங்கள். சமவெளியில் 28 பாருக்குப் பக்கம் காட்டும் நல்ல இன்ஜின், ஊட்டியில் 21, 22 காட்டும். இது தெரியாமல் இன்ஜினைப் பிரித்துப் போட்ட கதைகள் உண்டு. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3, 4 பாரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கும் முன் வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் கசியும், சரிசெய்வது ஒரு மணி நேர வேலை.

அந்தக் காலையிலேயே வண்டியை எடுக்க வேண்டும் என்றால்

ஃபேன், லைட், பாட்டு எல்லாம் ஆஃப். சாவியை ஆன் செய்து ஹீட்டர் லைட் அணைந்ததும் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து இன்னொரு தடவை சூடாக்குங்கள். டேங்குக்குள் பம்ப் உள்ள வண்டியில் இதனால் லைனும் நிரம்பும். கிளட்சை முழுக்க மிதித்து, கியர்பாக்ஸின் குளிர்ந்த ஆயிலைச் சுற்றும் பாரத்தைச் செல்ஃபிடமிருந்து எடுத்துவிடுங்கள். காமன் ரெயிலில் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். பழைய பம்ப் வண்டியில் பாதி மிதிக்கலாம். 10 நொடிக்கு மேல் இழுக்காமல், ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.

ஈதர் ஸ்பிரே ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினுக்கு ஆகாது. பிளக் சிவந்திருக்கும்போது அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, கனெக்டிங் ராடை வளைக்கும். ஏர் கிளீனர் வாயில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் பிடிப்பதும், டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதும் வண்டியோடு ஆளையும் கொண்டுபோகும்.

சரிவில் உருட்டி எடுப்பது பழைய ஜீப்புக்குச் சரி. இன்ஜின் ஓடாத வண்டியில் பவர் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவும், ஸ்டியரிங் கல்லாக இருக்கும். ஊட்டிச் சரிவில் அது விளையாட்டு இல்லை. பேட்டரி சுத்தமாகச் செத்த காமன் ரெயில் வண்டியை எவ்வளவு உருட்டினாலும் இ.சி.யு. விழிக்காது. அங்கே ஜம்பர் வயர்தான். சிவப்பைப் பிளஸுக்குப் பிளஸ் மாட்டி, கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையைச் செத்த பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜின் பிளாக்கிலும் மாட்டுங்கள். உதவும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.